படத்தில் இருப்பவர்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாத வாடகைக்கு மேசை தரும் அலுவலகம் ஒன்றில் எனக்கும் ஒரு மேசை உண்டு. எதிர் மேசையில் இணையதளம் வடிவமைக்கும் பெண். ஊருக்கெல்லாம் தளம் செய்து கொடுத்தவள், இந்த வாரம் தன் சொந்தத் தளத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். செய்த வேலைகளைக் காட்டி அடுத்த வேலை கேட்பதற்கான தளம் அது. ஒரு நூலகம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு வேலை தரப்போகிறது.

தொடக்கத்தை இப்படி வைத்திருந்தேன்: "சுருள்முடி நெற்றியில் விழ, பெரிய கண்களில் களைப்போடு அவள்…"

(அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

நூலகத்தின் நிபந்தனை ஒன்றுதான். பார்வையில்லாதவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விவரம் எழுத வேண்டும். அவர்களுடைய போன் அதை வாசித்துக் காட்டும். அவள் மளமளவென்று எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவள் பழக்கம்.

"நீலக் கதவு வைத்த பேக்கரி. வெளியே சாய்ந்து நிற்கும் சைக்கிள்."

"பல் டாக்டரின் காத்திருப்பு அறை. காலி நாற்காலிகள்."

பிறகு, "ஒரு பெண்." அதை அழிக்கும் சத்தம். மறுபடி, "ஒரு பெண்…" மறுபடி அழிக்கும் சத்தம். மிச்சமிருந்தது அவளுடைய படம்.

அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். (ஆகவே, ஒட்டுக்கேட்டேன் என்பதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.)

"அண்ணே, நான் பாக்க எப்படி இருப்பேன்?"

"ஏன், வீட்டுல கண்ணாடி உடைஞ்சு போச்சா?"

"விளையாடாதண்ணே. கண்ணு தெரியாதவங்களுக்கு என் படத்தைப் பத்தி ஒரு வரி எழுதணும்."

"அம்மா ஜாடைன்னு எழுது."

"அம்மாவை யாருக்குத் தெரியும்?"

"முடி நீளமா இருக்கும்ல உனக்கு? அதைப் போடு."

"வெட்டி மூணு வருஷமாச்சுண்ணே."

"அப்படியா," என்றார் அண்ணன். "எனக்குத் தெரியாதே."

"பரவால்ல, வைக்கிறேன்." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

3

இங்கேதான் சிக்கல். கதை எழுதுகிறவள் என்ற முறையில் அவள் எப்படி இருப்பாள் என்று நான் சொல்லியாக வேண்டும். எனக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு கணினித் திரைகள் முதுகோடு முதுகாக நிற்கின்றன. அவள் என்றால் எனக்கு ஒரு நெற்றியும் இரண்டு புருவங்களும்தான். சுருள்முடி, பெரிய கண்கள் எல்லாம் என் கைச்சரக்கு.

எழுந்து நாலு எட்டு வைத்தால் முழு முகமும் தெரியும். இத்தனை மாதத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சுக் கொடுத்தால் ஒட்டிக்கொள்வார்களோ என்று ஒதுங்கியே பழகிவிட்டேன். தனியாக இருப்பவர்களுக்கு இப்படி ஒரு திமிர் உண்டு. வீட்டுக்குப் போனால் என்னோடு பேசவும் ஆளில்லை என்பது வேறு விஷயம்.

4

முடிவு ஒன்று: "கணினி முன் ஒரு பெண்" என்று எழுதி அனுப்பிவிடுகிறாள். வேலை கிடைக்கிறது. (நடக்கக்கூடியதுதான். அதனால்தான் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: நூலகத்தில் பார்வையில்லாத அலுவலர் ஒருவர், விவரமே இல்லாத அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து… வேண்டாம். உங்களை அழவைக்கப் பார்க்கிறேன்.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை. இரண்டாவதை அடித்துக்கொண்டிருந்தபோது திரைக்கு மேலே புருவங்கள் உயர்ந்தன.

"அக்கா, ஒரு சின்ன உதவி. இங்க வந்து என் படத்தைப் பாத்து ஒரு வரி சொல்றீங்களா? நீங்க கதை எழுதுறவங்கதானே?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"முணுமுணுத்துக்கிட்டேதானே எழுதுறீங்க. சுருள்முடி, பெரிய கண்ணுன்னு காலையிலேயே கேட்டுச்சு. யாருக்கா அது?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "இன்னும் சரியாப் பாக்கல."

எழுந்து மேசையைச் சுற்றிப் போனேன். படம் திரையில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

வாசகரே, அவள் எப்படி இருந்தாள் என்று உங்களுக்கு இப்போது சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்.