சிவப்பாகவே இருக்கட்டும்

பெரிய டாக்டர் வருவதற்கு முன் சிவப்பு எண்களைக் கறுப்பாக்கிவிட வேண்டும். அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் திரையில் அதன் எண் சிவப்பாகும். சுவாச இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் வாயு வெளியேறும், எண் கறுப்பாகும், திட்டு விழாது.

அன்று காலை ஜபருல்லாவின் எண் கறுப்பாக இருந்தது. அவர் கையோ ஐஸாக இருந்தது.

டாக்டர் சாந்தினி அந்தக் கையைப் பிடித்தபடி நின்றாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றில் பல குழம்பும் ஊற்றி நாசி கண்டார் போடும் கை. கால் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் சரிந்து வந்து சேர்ந்தவர். தொண்டையில் குழாய் இறங்குவதற்கு முன் மூச்சிரைக்கச் சொன்னார்: "முழிச்சா, எல்லாக் குழம்பும் ஊத்தி உனக்கு ஒரு தட்டும்மா. முழிக்கலன்னா என் மச்சான்தான் போடுவான். வாயில வைக்க முடியாது லா."

நேற்று எண் சிவப்பு, கை வெதுவெதுப்பு. இப்போது மருந்தை ஏற்ற ஏற்ற அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது.

"கோகிலண்ணே, மெஷினக் கூட்டினது நீங்களா?"

மூத்த டாக்டரான கோகிலன் கண்ணாடியைத் துடைத்தான். "பின்ன? ரவுண்ட்ஸ்ல சிவப்பக் காட்டி யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

"அந்த வாயுவ அளவுக்கு மீறி வெளியேத்தினா ரத்தக் குழாய் சுருங்குது. மூச்ச மேல மேல அடுக்கினா நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி, இதயத்துக்கு ரத்தம் திரும்ப மாட்டேங்குது. கையத் தொட்டுப் பாருங்க."

"வாயு தங்கினா ரத்தத்துல அமிலம் ஏறி இதயம் சோர்ந்துடும், தாயே. அதுவும் படிச்சிருப்பே."

"படிச்சேன். நேத்து அமிலம் எல்லைக்குள்ளதான் இருந்துச்சு. தாண்டினா நானே கூட்டுறேன்."

அவள் இயந்திரத்தின் குமிழைத் திருப்பி வேகத்தைக் குறைத்தாள். மூச்சு நிதானமானது.

"பழி உன் பேர்லதான் போகும்," என்றான் கோகிலன்.

"போகட்டும் லா."

ரத்த அழுத்தம் உடனே ஏறவில்லை. சாந்தினி திரையையே பார்த்தாள். தன் கணக்கு தப்பென்றால் இந்த மனிதர் போய்விடுவார். அதை எந்தக் கறுப்பு எண்ணும் மறைக்காது. ஆனாலும் குமிழின் பக்கம் அவள் கை போகவில்லை. காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அழுத்தம் இறங்குவதை நிறுத்தியது. பிறகு, மனமில்லாதது போல, ஏறத் தொடங்கியது.

பெரிய டாக்டர் நூர் ஃபாத்திஹா வந்தபோது எண் பளிச்சென்று சிவந்திருந்தது. கோகிலன் தரையைப் பார்த்தான்.

"யார் இதை இப்படியே விட்டது?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான். மறுபடியும் இப்படித்தான் விடுவேன்."

ஃபாத்திஹா கட்டிலருகே குனிந்தார். ஜபருல்லாவின் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். வெளுப்பின் ஓரத்திலிருந்து மெல்ல ரத்தம் திரும்பி, ஒரு சிவப்பு உள்ளே நகர்ந்தது.

"மதியம் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள். அதுவரை இயந்திரத்தை யாரும் தொட வேண்டாம்," என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.

கோகிலன் அவர் பின்னால் போனான். சாந்தினி மட்டும் இயந்திரத்துக்கும் வழிக்கும் நடுவில், நகராமல் நின்றாள்.