நித்திலா வாழ்க்கைப்பட்ட வீடு

உறையூர் சௌந்தரவல்லி தன் ஒரே மகள் நித்திலாவை வானத்தில் ஒரு நட்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். வெகு தூரம். போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆடி மாதம் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது சமையலறை ரேடியோவில் "அம்மா" என்று கேட்டது. ஒரு நொடியை ஆயிரமாகக் கிழித்தால் கிடைக்கும் துண்டு, அவ்வளவுதான் அந்தக் குரல். பெற்றவளுக்கு அது போதும்.

கணவர் தணிகாசலம் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"சின்ன வீடாத்தான் இருக்கணும், வல்லி."

"எப்படிச் சொல்றீங்க?"

"பெரிய வீடுன்னா வாசல்ல கிளம்பின குரல் முதல்ல வரும், கொல்லையில கிளம்பினது பின்னாடி வரும். இழுத்துக்கிட்டே போகும். இது பட்டுனு நின்னுபோச்சு. ஒளி வேகத்துல வர்ற குரல். கணக்குப் பாத்தா அந்த வீட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவுல, இங்கேருந்து மெட்ராஸ் போற தூரம்கூட இருக்காது."

சௌந்தரவல்லி அடுப்பை அணைத்தாள். பெண் கேட்டு வந்தபோது சூரியனைவிடப் பெரிய இடம் என்றுதான் சொன்னார்கள். இடையில் அந்த நட்சத்திரம் வெடித்துச் சுருங்கி, பம்பரமாய்ச் சுழல ஆரம்பித்திருக்கிறது. சம்பந்தி வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை.

மகளை அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்து, பையில் இரண்டு புடவைகளை வைத்தாள். மூன்றாவதை மடிக்கும்போது கை நின்றது.

"அவளுக்கு மெல்லிசான குரல். கூப்பிட்டா பக்கத்துத் தெருவுக்கே எட்டாது."

"ஆமா."

"அத்தனை சின்ன வீட்டிலேருந்து இவ்வளவு தூரம் கேக்குதுன்னா, அங்கே இருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. ஒரே நேரத்துல, ஒரே மூச்சுல. ஒருத்தர் பிசகியிருந்தாலும் வெறும் இரைச்சலாப் போயிருக்கும்." பாதி மடித்த புடவையைக் கீழே வைத்தாள். "மாமியாரும்தான் கூப்பிட்டிருக்கணும்."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் புடவைகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தெருவில் எல்லாரையும் கூப்பிட்டாள். வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுச் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். எதிர்வீட்டுச் செங்கமலம் மட்டும் கூச்சப்பட்டுக் கொல்லைக் கதவருகே ஒதுங்கினாள்.

"அங்கே நிக்காதே செங்கமலம், உள்ளே வா. குரல் இழுத்துரும்."

அவளும் வந்தாள். இடிபட்ட தோள்களுக்கு நடுவே சௌந்தரவல்லி தலையசைத்தாள். "நல்லாயிரு" என்று எல்லாரும் ஒருமிக்கச் சொன்னார்கள்.

சொன்ன வேகத்தில் இந்த வீடும் நித்திலாவின் வீட்டைப்போலச் சுழலத் தொடங்கியது. முதலில் மெதுவாக. தங்கள் தங்கள் வாசல் எதிரே வந்தபோது ஒவ்வொருவராகச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள்.