கடல் உள்வாங்கும் நேரம்

ஒன்பது வருடமாக, வருடத்துக்கு ஒருமுறை கடற்கரை முகாமில் தங்கும்போதெல்லாம், அந்தப் பாறையை நான் கேரவனின் அடுப்புக்கு மேலிருந்த ஜன்னல் வழியாகவே பார்த்து வந்தேன். கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு, நடுவில் பெரிய ஓட்டையுடன் நிற்கும் பாறை. ஊசிக்காது என்பார்கள். கடல் உள்வாங்கும்போது ஒரு மணி நேரம் போல மணல் தெரியும். அந்த ஓட்டைக்கு அடியில் நடந்து மறுபக்கம் போகலாம். நான் போனதில்லை. ஒரு வருடம் மழை. ஒரு வருடம் கேப்டனுக்கு முழங்கால் வலி. ஒரு வருடம் கடல் விடியற்காலையில் உள்வாங்கியது, யாரும் எழவில்லை. தனியாகப் போகிறேன் என்றால் என் கணவர், "வழுக்கும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்பார்.

கேப்டன் என்பது என் கணவருடைய அக்காவின் வீட்டுக்காரர். யாரிடமும் வழி கேட்க மாட்டார், எங்கே போனாலும் அவர் வண்டிதான் முன்னால் போகவேண்டும் என்பதால் அந்தப் பெயர். அக்காவை நான் அண்ணி என்பேன். அண்ணியும் அவரும் முன்னால் போவார்கள். கேரவனை இழுத்துக்கொண்டு நாங்கள் பின்னால் போவோம். பேச்சுத் துணைக்கு என்று பாதி வழியில் அண்ணி என்னைத் தன் வண்டிக்குக் கூப்பிட்டுக்கொள்வார். வழி நெடுக அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

இந்த வருடம் முகாம் அலுவலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கல் உதிர்வதால் கீழே இறங்கும் பாதையை இந்தப் பருவத்தோடு மூடுகிறார்களாம். பக்கத்திலேயே கடல் உள்வாங்கும் நேரங்கள். எங்களுடைய கடைசி நாளில் பதினொன்றரை.

"கடைசி நாள் கண்டிப்பா போறோம்," என்றார் என் கணவர்.

கடைசி நாள் காலையில் கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்துக்குக் கிளம்பலைன்னா பாலத்து நெரிசல்ல மாட்டிப்போம் மாப்ள." என் கணவர் என் பக்கம் திரும்பினார். "இங்கேர்ந்தே நல்லாத்தானே தெரியுது," என்றார்.

நான் கேரவனுக்குள் போய்ப் போர்வைகளை மடித்தேன். பிறகு படுக்கையில் உட்கார்ந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வெளியே அவர் குரல் கேட்டது. "ஆச்சா?" நான் வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அவரே வெளியே அடித்துவைத்த தாழ்ப்பாள் விழுந்தது. தரை ஒரு குலுங்கு குலுங்கியது.

முதலில் தட்டத்தான் செய்தேன். முன்பக்கச் சுவரில் இரண்டு கையாலும் தட்டினேன். அவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டிருப்பார். என் போன் அவர் பக்கத்து சீட்டில், என் பைக்குள் இருந்தது. பின் ஜன்னலில் ஊசிக்காது சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் காணாமல் போனது.

நாற்பது நிமிடம் கழித்து பெட்ரோல் பங்க்கில் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

"எங்கடா அவ? டீ குடிக்கலாம், வரச்சொல்லு."

"உன் வண்டியிலதானேக்கா இருக்கா?"

"என் வண்டியில எங்கடா இருக்கா?"

அவர் தன் வண்டிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பை இங்க இருக்கு," என்றார் அவர். "கோவத்துல அப்படியே விட்டுட்டு உங்ககூட ஏறிட்டான்னு நெனச்சேன்."

"கேரவனுக்குள்ள பாத்தியா?" இது கேப்டன்.

"நான்தானே தாழ்ப்பாள் போட்டேன், உள்ள யாரு இருப்பா? கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். சத்தமே இல்ல." அவர் குரல் மாறியது. "அங்க இறங்கியிருப்பா. தனியா அந்தப் பாறைக்கு. அந்தக் கல்லு வேற உதிருதுன்னு..."

தட்டுவதற்குத் தூக்கிய கை சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி நின்றது. அடுப்பின் மேல் இருந்த கடிகாரத்தில் பத்து நாற்பது. திரும்பிப் போனால் பதினொன்று இருபது. தட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள், டீ குடிப்போம், வீட்டுக்குப் போவோம்.

கையை இறக்கினேன்.

என் கணவர் வண்டியைத் திருப்பினார். அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. அலமாரி திறந்துகொண்டு தட்டுகள் விழுந்தன. நான் தரையில் உட்கார்ந்து மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிய முதல் கிலோமீட்டரில் தட்டியிருந்தால் அது வெறும் தவறு. பத்தாவது கிலோமீட்டரில் தட்டினால் அது பொய். அதற்குப் பிறகு அதற்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நிற்கும் வரை கிடைக்கவில்லை.

கேரவன் பழைய இடத்திலேயே நின்றது. பழைய ஜன்னலில் பழைய பாறை. கீழே மணல் முழுக்கத் தெரிந்தது. கேப்டன் அலுவலகத்துக்கு ஓடினார். என் கணவர் பாதையில் இறங்குவது தெரிந்தது. மணலில் ஓடினார், ஒரு முறை விழுந்தார், எழுந்தார், ஓட்டைக்கு அடியில் புகுந்து மறைந்தார்.

கதவைத் தள்ளினேன். அது எனக்குத் திறக்காது. வெளியே யாராவது திறக்கவேண்டும். திறக்கவேண்டும் என்றால் நான் உள்ளே இருப்பது தெரியவேண்டும். சுவரில் சாய்ந்து நின்ற அண்ணியின் தோள் ஜன்னல் ஓரத்தில் தெரிந்தது. பதினொன்று முப்பத்தைந்து. நாற்பது. கீழே என் கணவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்னைத்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

தட்டினேன்.

தாழ்ப்பாள் உடனே விலகவில்லை. விலகியபோது அண்ணி படிக்குக் கீழே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். உடைந்த தட்டுகளைப் பார்த்தார்.

"பங்க்ல நாங்க பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி."

அவர் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"வர்ற வழியில அவன் வண்டியிலதான் இருந்தேன்," என்றார் கடைசியில். "அவன் என்ன பாடுபட்டான்னு நான் சொல்ல மாட்டேன். போ. தண்ணி ஏறுறதுக்குள்ள கூட்டிட்டு வா."

இறங்கினேன். மணல் கெட்டியாக இருந்தது. ஓட்டைக்கு அடியில் நடந்தேன். அவருடைய ஷூ தடங்கள் முன்னால் போயின. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அவ்வளவு இடைவெளி. தலையைத் தூக்காமல் அவற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்து முடித்துவிட்டேன்.

அவர் முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருந்தார். என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க இருந்தே?"

வாயைத் திறந்தேன். அவரே முந்திக்கொண்டார். "இந்தப் பாறைக்குப் பின்பக்கமா? அதான் நான் கூப்பிட்டது கேக்கல."

தலையாட்டினேன்.

மேலே கேப்டன் காத்திருந்தார். "ஆளை விட்டுட்டுப் போன கதைய இன்னும் இருபது வருஷம் சொல்லலாம் மாப்ள," என்றார். என் கணவர் சிரிக்கவில்லை. முன்கதவைத் திறந்து, சீட்டிலிருந்த என் பையை எடுத்துவிட்டு என்னை உட்காரவைத்தார். தானும் ஏறி, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தே. நான்தான் தள்ளிப் போட்டேன். எப்படி இருந்துச்சு?"

தன் வண்டியில் ஏறப்போன அண்ணி, கதவில் கைவைத்தபடி நின்றார்.

"நல்லா இருந்துச்சு," என்றேன்.

"அவ்வளவுதானா? ஒண்ணுவிடாம சொல்லு," என்று என் கணவர், வண்டியைக் கிளப்பியதும் ஒலித்த பாட்டை நிறுத்தினார். வீட்டுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.