செலோராவுக்குப் புது முகம் தேவையா?

கண்டி கொழும்பு வீதியில் ஹபீலின் போன் கடை அலுமாரியளவு அகலமும் பஸ்ஸளவு நீளமும் கொண்டது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நின்று அபிப்பிராயம் மட்டும்தான் சொல்லலாம். அபிப்பிராயத்துக்கு அந்தக் கடையில் ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை.

அந்த அபிப்பிராயங்களுக்கு ஒரு மதிப்பு வரப்போகிறது என்று ஹபீலுக்கு முதன்முதலாகத் தெரிந்தது, கொழும்பிலிருந்து செலோரா கம்பெனி கோல் எடுத்த அன்றுதான். கண்டியில் ஒரே ஒரு கடைக்கு ‘செலோரா அனுபவ நிலையம்’ என்ற போர்ட் கொடுக்கப்போகிறார்களாம். பட்டியலில் இரண்டு பேர். ஒருவர் ஹபீல். மற்றவர் அர்கம். இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஏசி போட்டு, வேலைக்காரர் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேர்ட் தைத்துக் கொடுத்தவன். அவன் அந்தக் கண்ணாடியைப் போட்டதிலிருந்து ஹபீலின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதற்குள்ளே குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த போர்ட்டும் அங்கே போய்விட்டால் மீதிப் பாதியும் போய்விடும்.

போர்ட்டுக்கு முன்னால் ஒரு பரீட்சை இருந்தது. செலோராவின் முகம் ஆறு வருடமாக மாறவில்லை. அதே பொத்தான்கள், அதே நிறங்கள். மற்றக் கம்பெனிகளெல்லாம் வருடத்துக்கொரு தடவை போனை உள்ளிருந்து புரட்டிப் போடும்போது, செலோராவும் மென்பொருளைப் புதிதாக வடிவமைக்கத்தான் வேண்டுமா? இதுதான் கேள்வி. இரண்டு கடைக்கும் ஒவ்வொரு போனும், புது மென்பொருளின் வெள்ளோட்டப் பதிப்பை இறக்குவதற்கான வழிமுறையும் வந்தன. ஒரு வாரம் வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை வாவிக்கரை ஹோட்டலில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து ஹபீல் ‘போன் விக்கிறன்’ என்று சொல்வதை விட்டான். ‘பாவனையாளர் ஆய்வு’ செய்தான். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து உள்ளே போட்டு, அதில் யாரையாவது இருத்தி, போனைக் கையில் கொடுத்து, மோவாயைத் தடவிக்கொண்டு முகத்தைப் பார்த்தான்.

“ஆய்வு முடிஞ்சி வரக்குள்ள ரெண்டு தேங்காயும் எடுத்துக்கொண்டு வாங்க,” என்றாள் மனைவி றம்லத் போனில்.

வழிமுறையில் இரண்டு படிகள். முதல் படி, கம்பெனி அனுப்பிய புது வோல்பேப்பரைப் போடுவது. நீலமும் ஊதாவும் அலையலையாய்ச் சுருண்ட படம். அதை ஹபீல் நின்ற நிலையிலேயே போட்டுவிட்டான். இரண்டாவது படி, மென்பொருளை இறக்குவது. அது பெரிய கோப்பு. பகல் டேட்டாவை அதற்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு கிடைக்கும் நைட் டேட்டா மாதாமாதம் தொடுவாரில்லாமல் கிடந்து அழிகிறது. அதில் இறங்கட்டும் என்று போனுக்குச் சொல்லி, ரவுட்டருக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டான். பிறகு கடையைப் பூட்டினான். பூட்டுவதென்றால் அந்த வரிசைக் கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே முறைதான்: என்றைக்கோ ஒரு கடையில் வயர் பற்றியதிலிருந்து, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, பிஸ்மி சொல்லி, ஷட்டரை இறக்குவது. ஹபீலின் கை அதைத் தானாகவே செய்தது.

காலையில் வந்து சுவிட்சை மேலே தள்ளினான். சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்த போன் மெல்ல உயிர் பெற்றது. கறுப்புத் திரையில் செலோராவின் வெள்ளை எழுத்து எழும்பி வந்தது. பின்னால் நீலமும் ஊதாவும் விரிந்தன. ஹபீல் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“மாஷா அல்லாஹ்,” என்றான்.

ஆய்வுக் கதிரையில் முதலில் இருந்தவர் பேங்கில் வேலை செய்யும் யோகராஜ். ஹபீலை அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைப்பவர். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளினார்.

“இப்பதான், நானா, மூச்சு விடுற மாதிரி இருக்கு. பழசுல ஒரே நெரிசல். டவுன் பஸ்ல ஏறின மாதிரி.”

“எந்த எடத்துல கூடுதலா மூச்சு வருது?” ஹபீல் மோவாயைத் தடவினான்.

“பொதுவாவே வருதுங்க.”

அடுத்து பாலாம்பிகை டீச்சர் வந்தார். எழுத்து தடித்து, கண்ணுக்கு இதமாக வந்திருப்பதாகச் சொன்னார். வடிவமைத்தவருக்குப் பிள்ளைகளுடைய மனம் தெரிந்திருக்கிறது என்றும் சொன்னார். புடவைக்கடை ஹலீம் ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“வேகம் ஈக்கி. தொட முந்தியே ஓடுது. ஆனா எழுத்து மெலிஞ்சி போச்சே தம்பி, பாக்கல்லயா?”

“பாத்தன் ஹாஜியார்,” என்றான் ஹபீல். அவனும் பார்த்துத்தான் இருந்தான். வீட்டில் றம்லத்திடம், அந்தப் பொத்தான்களில் இப்போது ஒரு பணிவு தெரிகிறது என்றுகூடச் சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் மழை. கடையில் ஆளில்லை. நாளைய பேச்சை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு ஓர் இடத்தில் இடறியது. டீச்சருக்கு எழுத்து தடித்திருக்கிறது. ஹாஜியாருக்கு மெலிந்திருக்கிறது. ஒரே எழுத்து எப்படி இரண்டு திசைக்கும் போகும்? மேடையில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தைவிட, உண்மையிலேயே என்ன நடந்திருக்கும் என்ற அரிப்புத்தான் அவனுக்கு அதிகமாக இருந்தது.

விற்பனைக்கு இருந்த பழைய செலோரா ஒன்றை எடுத்து வெள்ளோட்டப் போனுக்குப் பக்கத்தில் வைத்தான். நீலமும் ஊதாவும் கண்ணை இழுத்தன. எழுத்தைப் பார்க்க விடவில்லை. சரி, இரண்டிலும் ஒரே படம் இருந்தால் நியாயமாக ஒப்பிடலாம் என்று பழையதிலும் அதே வோல்பேப்பரைப் போட்டான். அந்த நேரம் றம்லத்தின் கோல் வந்தது. தேங்காய் விஷயம். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், மேசையில் இரண்டு போன்கள். எது புதியது, எது பழையது?

எழுத்தைப் பார்த்தான். பொத்தான்களைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே அளவு பணிவு இருந்தது. மூச்சு விடும் இடத்தைத் தேடினான். இரண்டும் ஒரேமாதிரித்தான் மூச்சு விட்டன. கடைசியில் உள்ளே போய் அமைப்புகளைத் திறந்தான். ஒன்றில் மட்டும் ஒரு சின்ன வரி நின்றது: ‘புதிய மென்பொருள் தயார். நள்ளிரவு வைஃபைக்காகக் காத்திருக்கிறது.’

ஹபீல் தலையைத் தூக்கி, ரவுட்டரைப் பார்த்தான். ரவுட்டரின் வயர் வழியே கண்ணை ஓட்டிக்கொண்டுபோய், வாசலுக்கு மேலே இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தான். ஒவ்வோர் இரவும் அவன் கையே கீழே இழுத்துவிட்டுப் போகும் சுவிட்ச்.

முதலில் காது சூடானது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் ஒரு கேள்வி மிஞ்சியது: அப்படியானால் ஒரு வாரமாக இவர்களெல்லாம் எதைப் பார்த்தார்கள்? அதைவிட, நான் எதைப் பார்த்தேன்?

“அப்ப உள்ளதச் சொல்லிடுங்க,” என்றாள் றம்லத், சோறு போட்டபடி.

“சொன்னா போர்ட் அர்கமுக்குப் போகும்.”

“சொல்லாட்டி?”

“எனக்குக் கிடைக்கலாம்.”

“கிடைச்சா அதுல என்ன எழுதி ஈக்கும்?”

“அனுபவ நிலையம்.”

றம்லத்துக்குப் புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு, “பொய்யில்லயே. நல்ல அனுபவம்தானே,” என்றாள்.

மென்பொருளை அப்போதே இறக்கிவிட்டிருக்கலாம். ஆனால் ஒரு வாரத்து அபிப்பிராயங்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது? ஒன்றும் முடிவெடுக்காமல், இரண்டு போனையும் இரண்டு பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஜும்ஆ முடிந்த கையோடு ஹோட்டலுக்குப் போனான்.

அர்கம்தான் முதலில் பேசினான். கோட் போட்டிருந்தான். திரையில் படங்கள் ஓடின. தன் கடையின் தொடக்கம், கண்ணாடி வந்த வரலாறு, ஏசியின் தத்துவம் எல்லாம் முடிந்து அவன் மென்பொருளுக்கு வந்தபோது, கொழும்பிலிருந்து வந்திருந்த டிரெக்டர் தன் போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். டிரெக்டர் மேல் வைத்த கண்ணை எடுக்காததால், அர்கம் சொன்னது ஹபீலின் காதிலும் ஏறவில்லை.

தேநீர் இடைவேளையில் ஒரு பெண் வந்து, வெள்ளோட்டப் போனைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கிருஷாந்தி என்று பெயர். கம்பளை ஊர்ப் பிள்ளை. அந்தப் புது வடிவமைப்பைச் செய்த குழுவுக்கு அவள்தான் தலைவி. ஹபீல் கொடுத்தான். அவள் ஒரு கையில் கடித்த பெட்டிஸோடு, ஒரு கணம்தான் பார்த்தாள்.

“நானா, இது பழசு.”

“தெரியும் தங்கச்சி. நேத்துத்தான் தெரிஞ்சிச்சு.” எல்லாவற்றையும் சொன்னான், மெயின் சுவிட்ச் உட்பட.

அவள் சிரிக்கவில்லை. பெட்டிஸைத் தட்டில் வைத்தாள். “கடைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூடவா சொல்லல?”

“நானே சொல்லல்லயே.”

“எழுத்து தடிச்சிருக்குன்னாங்களா?”

“மெலிஞ்சிருக்கு எண்டும் சொன்னாங்க.”

“இதுக்காக ரெண்டு வருஷம் உக்காந்து வேலை செஞ்சோம் நானா,” என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. கண் மட்டும் மினுங்கியது. “இத மேடையில சொல்லுவீங்களா?”

“சொன்னா உங்களுக்கு நல்லமா?”

“தெரியல. ஆனா கேக்குறவங்க மொகத்தப் பாக்கணும்போல இருக்கு.”

ஹபீலுக்கும் அதே ஆசைதான் இருந்தது. அது போர்ட் ஆசையோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டியது. மேடையேறும்வரை எது வெல்லும் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேலே நின்று இரண்டு போனையும் தூக்கிப் பிடித்தான். நேற்று வோல்பேப்பர் மாற்றிய பழையதில் திரும்பவும் பழைய படத்தையே போட்டிருந்தான். “சேர், பேச முந்தி ஒண்டு கேக்கவா? இதுல எது புதுசு?”

டிரெக்டர் எழுந்து வந்தார். நீலத்தையும் ஊதாவையும் காட்டினார். ஒரு நிபுணருக்குப் பத்தடி தூரத்திலேயே தெரியும் என்றார். இதில் ஓர் ஆழம் இருக்கிறது, பழையது தட்டையானது, பார்க்கிறவனைப் புது மென்பொருள் உள்ளே அழைக்கிறது. சபை தலையாட்டியது. அர்கமும் பலமாக ஆட்டினான்.

“ரெண்டுமே பழசு சேர்,” என்றான் ஹபீல். “படம் மட்டும்தான் வேற.” பிறகு, யோகராஜின் மூச்சையும் டீச்சரின் எழுத்தையும் தன் பொத்தான்களின் பணிவையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னான்.

ஆட்டிய தலைகளெல்லாம் டிரெக்டரின் பக்கம் திரும்பின. போர்ட் போய்விட்டது என்று ஹபீல் நினைத்துக்கொண்டான்.

டிரெக்டர் இருமினார். கோட்டின் பொத்தானைப் போட்டார். “இதத்தான்,” என்றார், “நான் ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டு வாறன்.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“சனத்துக்குத் தேவை புது மென்பொருள் இல்ல. புதுசு எண்ட உணர்வு. நான் வேணுமெண்டுதான் அந்தப் போனக் காட்டினன். உணர்வுக்கு எவ்வளவு பலம் எண்டு நீங்க எல்லாரும் பாத்தீங்க. மிஸ்டர் ஹபீல் என்ட கருத்த அழகா நிரூபிச்சிட்டார்.”

கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் முடிவதற்குள், இரண்டு வருட உழைப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டி, வோல்பேப்பரை மட்டும் வெளியிடுவதென்று முடிவாகிவிட்டது. கருத்து தன்னுடையது என்பதற்கு டிரெக்டருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டதால், போர்ட்டும் ஹபீலுக்கே கிடைத்தது. கிருஷாந்தி அவனைப் பார்த்து, பார்க்க வேண்டிய முகத்தைப் பார்த்துவிட்டேன் என்பதுபோல் தலையசைத்தாள். தட்டிலிருந்த பெட்டிஸ் ஆறிப்போயிருந்தது.

போர்ட் கடையைவிட அரை அடி அகலமாக வந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு ஒருவாறு மாட்டினார்கள். அந்த வாரமே ‘செலோரா புதுமுகம்’ என்ற பெயரில் எல்லாப் போன்களுக்கும் வோல்பேப்பர் போய்ச் சேர்ந்தது. முதல் ஆளாக ஹலீம் ஹாஜியார் மூச்சிரைக்க வந்தார்.

“தம்பி, கம்பெனிக்காரன் எல்லாத்தையும் பொரட்டிப் போட்டுட்டான். பெட்டரியும் நிக்குதில்ல. பழைய மாதிரியே ஆக்கித்தாங்க.”

ஹபீல் படத்தை மாற்றிக் கொடுத்தான். ஹாஜியார் வாங்கிப் பார்த்தார். “ஆ, இப்பதான் வேகம்,” என்றார்.

அவர் போனபிறகு ஹபீல் கதிரையில் இருந்தான். வியாபாரம் கூடத்தான் செய்தது. ஆனால் ஒன்று உள்ளே குடைந்தது. செலோராவுக்குப் புது முகம் தேவையா என்று கம்பெனி அவனைக் கேட்டது. அவனும் போர்ட் வாங்குமளவுக்குப் பதில் சொல்லிவிட்டான். அந்த முகத்தை மட்டும் அவன் இன்னும் கண்டதில்லை. வெள்ளோட்டத்தை இனி யாரும் இறக்க முடியாதபடி கம்பெனி நிறுத்திவிட்டது. கண்டியில் அது இப்போது இருப்பது, முன்பே இறக்கியிருந்த ஒரே ஓர் இடத்தில்தான்.

றம்லத்தைக் கடைக்கு வரச்சொல்லி இருத்திவிட்டு அர்கமின் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். ஏசி முகத்தில் அடித்தது.

“என்ன, அனுபவ நிலையம் இங்க வந்தீக்கி,” என்றான் அர்கம், கதிரையை விட்டு எழும்பாமல்.

“அந்தப் போன் ஈக்கா மச்சான்?”

“என்னத்துக்கு?”

“பாக்க.”

அர்கம் அவனைச் சந்தேகமாகப் பார்த்தான். கேலி ஒன்றும் முகத்தில் இல்லை என்று உறுதியானதும் மேசை லாச்சியைத் திறந்தான். சாதாரணச் சாம்பல் நிறத் திரை. அலையுமில்லை, ஊதாவுமில்லை; படத்தை அர்கம் கழற்றிவிட்டிருந்தான். ஹபீல் கையில் எடுத்தான். பெருவிரல் போகும் இடத்துக்கெல்லாம் ஏதோ ஒன்று வந்து காத்து நின்றது. இது வேறு போன். இரண்டு போனையும் மாற்றி வைத்தாலும், கண்ணை மூடினாலும் தெரியும்.

“ஏன்டா, இது உண்மையிலயே மாறித்தான் ஈக்கி.”

“நான் அண்டைக்கு மேடையில அதத்தான் சொன்னன். வந்தவனெல்லாம் முதல்ல ஏசினான். பொறகு திருப்பித் தர மாட்டன் எண்டான். இத நான் சொல்லக்குள்ள நீ எங்க பாத்துக்கொண்டு ஈந்த?”

ஹபீல் திரையை இடதுபக்கம் தள்ளினான், வலதுபக்கம் தள்ளினான், மேலே இழுத்தான்.

“இதுல கோல் எடுக்கிற எடம் எங்க மச்சான்?”

அர்கம் கதிரையை அருகே இழுத்துப் போட்டான். “நானும் மூணு நாள் தேடினன். நீயே தேடு, சொல்லமாட்டன். இரி, டீ கொண்டுவரச் சொல்றன்.”