உப்புப் பார்க்க ஒரு ஆள்

இப்போதெல்லாம் மனிதர்களுக்குப் பசித்தால் வயிற்றைக் கேட்பதில்லை, செல்போனைக் கேட்கிறார்கள். எந்த ஊரிலோ எவனோ ஒருவன் தின்றுவிட்டு அஞ்சு நட்சத்திரம் போட்டிருப்பான். அவன் நாக்கு எப்படிப்பட்டது, அன்றைக்குக் குடித்திருந்தானா, கடைக்காரனுக்கு மச்சானா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவன் சொன்னால் சரி. காரில் கூடவே உட்கார்ந்திருக்கிற அப்பன் ஏதாவது சொன்னால் மட்டும், "சும்மா வாங்கப்பா."

மருமகன் ஜெர்ரியின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து தோமினிக் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். நினைத்ததோடு விடவில்லை, நாமக்கல் தாண்டுகிற வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டும் வந்தார். பின்சீட்டில் மகள் ஜெனிட்டா செல்போனைத் தேய்த்துத் தேய்த்து ஆற்றங்கரை ஓட்டலாகத் தேடினாள். அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக செல்வமேரி, தோமினிக்கின் பெண்டாட்டி. அன்றோடு அவளுக்கு அறுபது வயசு.

ஜெர்ரியின் தங்கைக்குத் திண்டுக்கல்லில் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் சேலத்திலிருந்து கிளம்பினார்கள். பிறந்தநாளும் அதே நாளில் வந்து விழுந்தது. என்ன வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, புடவை வேண்டாம், நகை வேண்டாம் என்றுவிட்டாள் செல்வமேரி. பரமத்தி வேலூர்ப் பாலத்தை அவள் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. "எவளாவது ஒருத்தி ஆக்கணும். நான் காவேரியப் பாத்துக்கிட்டு உக்காந்து திங்கணும். இன்னைக்கு ஒரு நாள் நான் கரண்டியத் தொடமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கேட்டது சின்ன ஆசைதான். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கிறிஸ்தவர்களான வேதக்காரர் வீட்டில் அன்றைக்குச் சுத்தபோசனம், கறி ஆகாது. மீன் தின்னலாம், அதற்குத் தடையில்லை. கறி பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரித்தால் அது மீனா, கறியா? இதுதான் தோமினிக்கின் கேள்வி. பங்குச் சாமியாரிடமே ஒருமுறை கேட்டார். எண்ணெயில் ஒன்றுமில்லை, மனசுதான் முக்கியம் என்றார் சாமியார். சாமியார் வயசில் சின்னவர். தோமினிக் நம்பவில்லை.

அவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், செவ்வாய்ப்பேட்டை மிளகாய் மண்டியில் மூட்டை பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர். வாய்ப்பக்கம் சிவப்பாக இருந்தால் அடியில் கையை விடு என்பது அவருடைய வேதம். அடியிலும் சிவப்பாக இருந்தால், எவனோ கவனமாகக் கட்டியிருக்கிறான் என்று இன்னும் சந்தேகப்படுவார்.

ஜெனிட்டா கண்டுபிடித்த முதல் ஓட்டல் பாலத்துக்குக் கிட்டவே இருந்தது. மாடியில் கண்ணாடி போட்ட ஏசி அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காவிரி, சத்தமில்லாமல் டிவியில் ஓடுகிற மாதிரி ஓடியது. செல்வமேரி கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மீனுக்குத் தனி எண்ணெயா என்று தோமினிக் கேட்டார். கேள்வி முடிவதற்குள் சர்வர் "தனிதான் சார்" என்றான். தோமினிக் எழுந்து கைகழுவப் போகிறவரைப் போல நடந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே ஒரு வாணலி. அதில் கோழிக்காலும் மீன் துண்டும் பங்காளிகளைப் போலச் சேர்ந்து மிதந்தன. நாலு பேரும் படியிறங்கினார்கள். அதுவரைக்கும் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

இரண்டாவது கடையில்தான் வினை. தென்னந்தோப்புக்குள் ஓலைக் குடிசைகள், கீழே மணல், பத்தடி தள்ளித் தண்ணீர். செல்வமேரி செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தே விட்டாள். தோமினிக் அதே கேள்வியைக் கேட்டார். கடை முதலாளி முகம் சுளிக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மீனுக்கு ஒரு வாணலி, கோழிக்கு ஒரு வாணலி, கரண்டிகூடத் தனித்தனி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் தோமினிக்குக்குக் குறையாகப் பட்டது. கேட்ட உடனே இவ்வளவு அழகாகக் காட்டுகிறான் என்றால், கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே இதை வைத்திருக்கிறான்.

"நாங்க உள்ள வர்றப்பவே எடுத்து வெச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டார்.

முதலாளி ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "ஐயா, உங்களுக்கு இங்க சாப்பாடு செரிப்படாதுங்க. வேற பக்கம் பாத்துக்கங்க."

காருக்குத் திரும்பி நடந்தபோது ஜெனிட்டா அப்பாவுக்கு நாலடி முன்னால் விறுவிறுவென்று போனாள். ஜெர்ரி மட்டும் பாவம், மாமனார் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, "திண்டுக்கல் போறதுக்குள்ள தமிழ்நாட்டுல ஓட்டல் தீந்துரும்" என்று முணுமுணுத்தான். செல்வமேரி காரில் உட்கார்ந்த பிறகு காலிலிருந்து மணலைத் தட்டினாள். நிதானமாகத் தட்டினாள். பிறகு சொன்னாள்:

"இன்னொரு கடைய வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நேரா வண்டிய விடச் சொல்லுங்க. திண்டுக்கல்ல மாப்ள தங்கச்சி வீட்டுல நானே தோசை ஊத்திக்கறேன். எந்த வீடானாலும் எனக்குத் தெரிஞ்ச அடுப்புதான், எனக்குத் தெரிஞ்ச கரண்டிதான்."

அவள் கத்தியிருந்தால் தோமினிக் பதிலுக்குக் கத்தியிருப்பார். கத்தவில்லையே. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்தார்.

ஆற்றை ஒட்டியே போகிற ரோட்டில் வண்டி மெதுவாகப் போனது. ஒரு பக்கம் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், மறுபக்கம் தண்ணீர். ஜெனிட்டா செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். அப்போது தோமினிக்கின் கண்ணில்தான் அது பட்டது. கரைச்சரிவில் ஒரு தகரக் கொட்டகை, தென்னை நிழலில் ஒரு சிமெண்டு மேடை, தகரத்தில் சுண்ணாம்பால் பெரிசாக எழுதிய இரண்டே வார்த்தை: மீன் மட்டும்.

"நிறுத்துங்க மாப்ள" என்றார். "கோழியே இல்லாத கடையில கோழி எண்ணெய் எங்கிருந்து வரும்?"

கடைக்காரி முத்தாயம்மாள். தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து மல்லிகை வைத்திருந்தாள், நெற்றியில் திருநீறும் குங்குமமும். வாங்க சாமி, உக்காருங்க சாமி என்று எல்லோரையும் ஒரே மாதிரி அழைத்தாள். கெண்டை மீன் குழம்பு கொதிக்கிறது, ஜிலேபி மீன் கல்லில் கிடக்கிறது, சோறு வடித்தாயிற்று என்றாள். தோமினிக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் மீன் செதிலும் பூனையும்தான் இருந்தன. கோழி இறகு ஒன்றுகூட இல்லை. செல்வமேரி மேடையில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தாள். பரிசல் ஒன்று அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அன்றோடு அறுபது வயசு என்று ஜெனிட்டா சொன்னதும் முத்தாயம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆம்பளைக்கு அறுபதுன்னா அறுபதாங் கல்யாணம் பண்ணுவாங்க. அம்மாளுக்கு அறுபதுன்னா உங்கள்ல என்னங்க பண்ணுவீங்க?"

"சோறு போடச் சொன்னேன்" என்றாள் செல்வமேரி. "அதுக்கே இது மூணாவது கடை."

முத்தாயம்மாள் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து ஓடியது. தன் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி செல்வமேரிக்கு வைத்துவிட்டாள். ஜெனிட்டாவும் ஜெர்ரியும் படம் எடுக்கத் தண்ணீர் ஓரம் இறங்கினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு முத்தாயம்மாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"ஒரு ஒத்தாச வேணுங்கம்மா. கொழம்புல உப்பு பாக்கோணும்."

தோமினிக் நிமிர்ந்தார். சமைத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தானுங்க. இன்னைக்கு வெள்ளிக்கெழமையில்லீங்களா? நாங்க கவுச்சி வாயில வெக்கறதில்லீங்க. யாவாரத்துக்கு ஆக்குவேன், நாக்குல வெக்கமாட்டேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பரிசக்காரர் பாத்துச் சொல்லுவாரு. அவுரு இப்பத்தான் அக்கரைக்குப் போறாரு, அதோ."

நாலு பேர் சாப்பாடு தூரத்தில் தண்ணீருக்கு நடுவில் ஆடிக்கொண்டு போனது. மீன் தின்னலாம் என்று வெள்ளிக்கிழமை மீனைத் தேடி வந்த வேதக்காரரும், வெள்ளிக்கிழமை மீனையே தொடாத கடைக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் ருசி பார்க்காத குழம்பை ஊருக்கு ஊற்றுகிறாளே என்று தோமினிக்கின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தோசை ஞாபகம் வந்து விழுங்கினார்.

அதற்குள் செல்வமேரி பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பார்த்து ஒரு எட்டு வைத்தும் விட்டாள். தோமினிக்குக்குத் தெரியும், அவள் அடுப்புக்கிட்டே போனால் உப்போடு நிற்கமாட்டாள். தீயைத் தணிப்பாள், கல்லில் கிடக்கிற மீனைத் திருப்புவாள், கடைசியில் தானே இலைக்குப் பரிமாறிக்கொண்டு நிற்பாள்.

"உக்காரு மேரி" என்றார். "நான் பாக்கறேன்."

செல்வமேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். ஆனால் உட்கார்ந்தாள்.

அந்த "நீங்களா"வில் நியாயம் இருந்தது. கல்யாணமான நாள் முதலாக அவர் வீட்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னது இரண்டே வார்த்தை. ஒன்று கம்மி, இல்லாவிட்டால் ஜாஸ்தி. நடுவில் ஒரு வார்த்தை இருப்பதாக அவர் காட்டிக்கொண்டதே இல்லை. ரொம்பவும் பிடித்துப்போனால், "ம், பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போவார்.

முத்தாயம்மாள் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றினாள். தோமினிக் நக்கிப் பார்த்தார். "கம்மி" என்றார் உடனே, யோசிக்காமல். அவள் ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டினாள். மறுபடியும் ஊற்றினாள். இப்போது சூடு நாக்கைச் சுட்டது. உப்பு தெரியவில்லை, உறைப்புத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்றார். அவள் போட்டாள். ஊற்றினாள். ஜாஸ்தியோ என்று இருந்தது. இல்லை, அது புளியோ? வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து சொல்வது சுலபமாக இருந்ததே. அங்கே எது சொன்னாலும் யாரும் அந்தப் பேச்சை வைத்து உப்பு அள்ளிப் போடவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். செல்வமேரி ஆற்றைப் பார்க்காமல் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், டிக்கெட் வாங்கியவளைப் போல வசதியாக.

"செரியா இருக்குதுங்களா, சொல்லுங்க" என்றாள் முத்தாயம்மாள்.

தோமினிக் மறுபடியும் கையை நீட்டினார்.

"ஐயா, கொழம்பு பூராவும் கையிலயே குடிச்சுருவீங்களாட்ட இருக்குது. அம்மாளுக்கு மீதி வேணுமுங்க."

"எறக்கு" என்றார் தோமினிக். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, கல்லிலிருந்து மீன் வந்தது. ஜெனிட்டாவும் ஜெர்ரியும் காலில் சேறோடு ஓடி வந்து உட்கார்ந்தார்கள். செல்வமேரி நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்டுவிட்டு முதல் வாய் எடுத்தாள். தோமினிக் தன் இலையைத் தொடவில்லை. அவள் மென்றாள். ஆற்றைப் பார்த்தாள். ஒரு கொக்கு பறந்து போய் உட்கார்கிற வரைக்கும் அதையும் பார்த்தாள்.

"எப்படி?" என்றார்.

"இருங்க, முள்ளு."

முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். இன்னொரு வாய் போட்டாள்.

"ம்" என்றாள். "பரவால்ல."

ஜெனிட்டாவுக்குப் புரைக்கேறிவிட்டது. ஜெர்ரி தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே மாமனார் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கத் தென்னை மரத்தைப் பார்த்தான். செல்வமேரி சிரிக்கவில்லை. இலையை முன்னால் தள்ளி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடு முத்தாயி" என்றாள். போட்டதும் குழம்பு கேட்டாள். மீன் தலையையும் கேட்டு வாங்கி, அவசரமில்லாமல், கண்ணை மூடி உறிஞ்சினாள். அவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு தோமினிக் பார்த்ததில்லை. வீட்டில் அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்றே அவருக்குத் தெரியாது.

கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு அவளாகவே சொன்னாள், "உப்பு சரியா இருந்துச்சுங்க."

அந்த வார்த்தையை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியுமா என்று தோமினிக்குக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம் இலையை மடிக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. அவர் சாப்பிட்டபோது நாக்கு ஓரத்தில் கொஞ்சம் கரித்த மாதிரி இருந்ததே? அதற்குள் செல்வமேரி சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். காலியானதும் முத்தாயம்மாளிடம் நீட்டி இன்னொரு சொம்பு கேட்டாள். அதையும் குடித்தாள்.

"சரியா இருந்த கொழம்புக்கு எதுக்கு இத்தன தண்ணி?" என்றார்.

"வெயிலுங்க."

தோமினிக் மேலே பார்த்தார். தென்னை நிழல். ஆற்றுக் காற்றில் இலையே பறக்கிறது.

"நெசமாச் சொல்லு மேரி."

"நெசமாத்தான். சரியா இருந்துச்சு."

ஜெனிட்டா செல்போனை வெளியே எடுத்துவிட்டாள். கடைக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம் அப்பா, உப்பு நீங்க பாத்ததுதானே என்று கேட்டாள். அஞ்சு போடு, அஞ்சும் அவருக்கே போடு என்றாள் செல்வமேரி, மல்லிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. முத்தாயம்மாள் மறுபடியும் பூனையை விரட்டுகிற மாதிரி சிரித்தாள். நாளைக்கு எவனாவது இதைப் படித்துவிட்டு நம்பிக்கொண்டு வண்டி கட்டி வருவான் என்று தோமினிக் நினைத்தார். அந்த முட்டாளை நினைத்தால் பரிதாபமாக இருந்தது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவேறி காரைப் பார்த்து நடந்தார். பின்னால் பொம்பளைகள் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு சொம்பு தண்ணீர், என்று சொல்லிக்கொண்டார். சரியாக இருந்ததாமே.