நாற்பத்தொன்றா, முப்பத்தெட்டா

…நாற்பத்தொன்று, இல்லை, அந்த இரண்டையும் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது, அலைக்கு அடியில் போனதுதான் இந்தப் பக்கம் எழுந்ததா, இது வேறா, முக்குளிப்பான்களை நம்பவே கூடாது, முங்கினால் எங்கே தலை காட்டும் என்று அவற்றுக்கே தெரியாது, காற்று வேறு தொலைநோக்கியின் முக்காலியைப் பிடித்து உலுக்குகிறது. மலைமேல் இருக்கும் இந்த நீர்த்தேக்கத்துக்குப் பதினோரு குளிர்காலமாக வந்து பறவை எண்ணுகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு நாளும் இப்படிக் கணக்கு குழம்பியதில்லை. புயல் என்று காலையில் சொன்னார்கள்தான்… புயலா காரணம்? இவர் காரிலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங்கில் இருந்த மனைவி என்ன சொன்னாள், "நான் போறேன்" என்றாளா, "போயிட்டு வரேன்" என்றாளா? கதவைக் காற்று அறைந்து சாத்திவிட்டது, பாதிதான் காதில் விழுந்தது. இருபத்தாறு வருஷத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் "வரேன்" சேர்க்காமல் அவள் வாசல் தாண்டியதில்லை. அதற்கு முன்னால், கார் வளைவு ஏறும்போது, ஏதோ கேட்டாளே… "நான் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க?" ஆமாம், அதுதான், இவரும் "ம், செய்யலாம்" என்று சொல்லி வைத்தார், கண்ணெல்லாம் பட்ட மரத்தில் சிறகு விரித்திருந்த நீர்க்காகத்தின் மேல், எதைச் செய்யலாம்? தன் தங்கை வீட்டு மாடி காலியாகக் கிடக்கிறது என்று அவள் சொன்னது இன்றைக்கா, போன வாரமா? கடையில் நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்கிறார், இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா… அவரை யார் உட்கார வைத்துக் கேட்பது?

மழை சாய்ந்து வந்து முகத்தில் அடித்தது. முப்பத்தெட்டு. ஈர நோட்டில் பென்சில் எழுதவில்லை. அணைக்காவலர் மழைக்கோட்டோடு குனிந்து நடந்து வந்து காதருகே கத்தினார். "சார், தண்ணி ஏறுது, மேல வந்துடுங்க! அம்மா அங்கயேதான் இருக்காங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு முக்கா மணி நேரமா நிக்கிறாங்க. ஏதாவது ரிப்பேரா?"

"இல்லையே" என்றார், எதற்கு இல்லை என்று தெரியாமலே. போகவில்லை, அப்படியென்றால் இன்னும் போகவில்லை… மேட்டில், சாம்பல் மழைக்குள், காரின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன. நிம்மதியாக இருக்க வேண்டும், இருந்தது, இருந்ததா? முக்காலியை மடக்கினார், பைக்குள் வைத்தார், ஜிப்பை இழுத்தார், மறுபடி திறந்து பார்த்தார், மறுபடி மூடினார், காவலர் "வாங்க சார்" என்று கையைப் பிடித்தார். இந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தாம் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது, கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் தெரிகிற தூரம்தானே, எதைப் பார்த்துவிடக் கூடாது என்று அப்படி நின்றார், கார் இல்லை என்பதையா… இருக்கிறது என்பதையா?