வான் எங்க?

தன் வயலுக்குத் தலைமாட்டில் எவனோ தண்ணீரைத் தேக்கி வைத்தால் யாருக்குத்தான் நித்திரை வரும்? சித்தாண்டிக்கு மேற்கே, புஸ்பத்தின் வயலுக்கு நேர் மேலே இருந்த தன் காணிக்குள் அதைத்தான் உதயரூபன் செய்தான். கட்டாரிலிருந்து திரும்பியவன் நெல் விதைப்பான் என்று பார்த்தால், ஓடையை மறித்து மண் அணை போட்டு, வாத்துப் படகுகளை இறக்கி, சனி ஞாயிறில் பாட்டும் போட்டான். டவுனிலிருந்து சனம் குவிந்தது. வந்துவிட்டுப் போகட்டும், புஸ்பத்துக்கு அதில் ஒரு எரிச்சலும் இல்லை. மார்கழி மழை பிடித்துக்கொண்டபோதுதான் அவள் அணையைப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் அணையின் விளிம்பை எட்டிவிட்டது. கீழே அவளுடைய நெல் பால் பிடித்து நிற்கிறது. அந்த வீட்டின் வருசச் சோறு அது.

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு பக்கத்தில் வழி வைப்பார்கள். அதற்குப் பெயர் வான். வயல் வட்டைக்குள் விளையாடுகிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். குடையை மடக்கிக்கொண்டு புஸ்பம் அவன் முன்னால் போய் நின்றாள்.

"மனே, வான் எங்க?"

"வெளியில நிக்கிது மாமி. எங்க போகணும்? றைவரிட்டச் சொல்லிவிடுறன்."

படகுக்கு நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். புஸ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயல்காரன் பெற்ற பிள்ளை! இவனுடைய அப்பன் இதே வட்டையில் முழங்கால் சேற்றில் நின்று இவனை வளர்த்தவன். இவனுக்கோ வான் என்றதும் ஞாபகம் வருவது, அணைக்கு அடியில் நிறுத்தி வைத்திருக்கிற, ஆள் ஏற்றுகிற அந்த வெள்ளை வான் வண்டி!

"நான் கேட்டது குளத்துட வான்! தண்ணி போற வழி! ஒரு பக்கத்தால வெட்டி விடு மனே. அணை உடைஞ்சா என்ட வயல் போயிரும்."

"வெட்டினா தண்ணி இறங்கி படகு தரை தட்டும் மாமி. பொங்கல் லீவுக்கு ஆக்கள் வாறாங்க. அது முடியட்டும், பாப்பம்."

"மழை உன்ட லீவைப் பாத்தா பெய்யிது?"

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். என்ன திமிர்!

மறுநாள் விடிகிற வெள்ளாப்பில் அணை உடைத்துக்கொண்டது. புஸ்பம் ஓடிப் போய்ப் பார்த்தபோது பாதி வயலில் நெல்லே இல்லை, மணல்தான் கிடந்தது. மணலுக்கு நடுவே மூக்குக் குத்திக்கொண்டு வெள்ளை வான். வரம்பில் குந்தியவள் வாய்விட்டு அழுதாள்.

கூடிய சனத்துக்கு உதயரூபன் மழையைக் கைகாட்டினான். "நான் என்ன செய்யிற? இது இயற்கை அழிவு."

பிறகு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், அவளிடமே வந்தான். பின்னால் ஒரு உழவு மெசின் உறுமிக்கொண்டு நின்றது.

"மாமி, வானை இழுக்கணும். மிச்ச நெல்லுக்குள்ளாலதான் மெசின் இறங்க ஏலும். கொஞ்சம்தான் மிதிபடும்."

அழுகை அப்படியே நின்றுவிட்டது. புஸ்பம் எழும்பினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மிஞ்சிய நெல்லுக்கு முன்னால், மெசினுக்கு நேரே போய் நின்றாள்.

"இப்ப உனக்கு விளங்கிச்சா, நான் கேட்ட வான் எது எண்டு? என்ட மிச்ச நெல்ல அறுக்குமட்டும் ஒருத்தனும் இதுக்குள்ள கால் வைக்கேலா. நீ போய் உன்ட குளத்துக்கு வான் வை. வைச்சிட்டு வந்து உன்ட வானை எடு!"

மெசின்காரன் உதயரூபனைப் பார்க்கவேயில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.